சபை நாள் உபயம்

ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் நட்சத்திரம் என்னவென்று கேட்டு நான் ஒருமுறை அவருடைய அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். எடுத்தவர் தான் இணைப்புச் செயலாளர் என்றார். ஐயாவுக்குக் கலியாணம் முடிந்து மூத்த மகள் கம்பஸ் போகிறாளே, நட்சத்திரம் எதற்கு என்று கேட்டார். அர்ச்சனைக்கு என்றேன். எங்களுக்காக அந்தச் சட்டமூலத்தை எதிர்த்தாரே, அதற்காக அவர் பெயரில் அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்யப் போகிறோம் என்றேன். அவர் உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, பூசம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஐயர் அவருடைய பெயரையும் பூச நட்சத்திரத்தையும் சொல்லிச் சங்கல்பம் செய்தார். எங்கள் வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுக்காரரும் கைகூப்பி நின்றோம். சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தோம். இன்னொருவருக்காகக் கும்பிட்டது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். யாருக்காகவும் கும்பிடலாம். ஆனால் அவர் செய்தாரா இல்லையா என்று தெரியாமலே செய்ததற்கு நன்றி சொல்லிக் கும்பிட்டோம் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றதும் தேயிலையை நினைக்க வேண்டாம். நான் பிறந்ததுதான் அட்டன் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். கொழும்பில், ஒரு முடுக்குக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற பழைய வரிசை வீடுகளையும் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒரு செடி கிடையாது. கலியாணம் கட்டி வந்த அன்றைக்கே எனக்குச் சிரிப்பு வந்தது, ஒரு லயத்தை விட்டு வந்து இன்னொரு லயத்துக்குள் நுழைந்திருக்கிறேன் என்று. அதே வீட்டில்தான் பிள்ளைகளைப் பெற்றேன். அதே சுவரில் அம்மன் படம் மாட்டி விளக்கு வைத்தேன். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது வாய்ச்சண்டை வரும். சண்டை போட்டவளே சாயங்காலம் கறி கொண்டுவந்து தருவாள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் கலந்த வரிசை அது.

அந்த வீடுகளைப் பற்றித்தான் சட்டமூலம் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களை எழுப்பிவிட்டு அந்த நிலத்தை அபிவிருத்திக்கு எடுக்க வேண்டுமென்றால், முதலில் மாற்று வீட்டின் சாவியைக் கையில் கொடுக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. புதிய சட்டமூலம் அந்த விதியை எடுத்துவிடுகிறது. நீங்கள் முதலில் வெளியே போங்கள், வாடகைக்குக் கொஞ்சம் காசு தருகிறோம், வீடு பிறகு வரும் என்கிறது. பிறகு என்றால் எப்போது என்று அதில் இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் அப்படிப் போனவர்கள் இன்னும் வாடகை வீட்டில் இருப்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

எங்களுக்கு அந்த உறுப்பினரைத் தெரியும். தேர்தலுக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, வாக்குச்சீட்டில் போட வேண்டிய தன்னுடைய விருப்பு இலக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் போனவர். வரிசையே அவருக்குப் புள்ளடி போட்டது. அதனால் சட்டமூலம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவரைக் கோயிலுக்கு வரச் சொன்னோம். வந்தார். நல்லவர் மாதிரிதான் கதைத்தார். எதிர்ப்பேன் என்று சொன்னார். வாயால் சொன்னது போதாது என்று யாரோ சொல்ல, சந்நிதியில் கற்பூரம் கொளுத்தினோம். அவர் சுடரின் மேல் கையை வைத்து, இந்தச் சட்டமூலத்தை எதிர்ப்பேன், அம்மன் சத்தியம் என்று சொன்னார். எங்களுக்கு அதோடு பிரச்சினை முடிந்துவிட்டது. கற்பூரத்தில் அடித்த சத்தியத்தை ஒருவர் மீறுவார் என்று எங்கள் வரிசையில் யாருக்கும் நினைக்கவே வராது.

இரண்டாம் வாசிப்பு நடந்த நாளில் அவரே எங்களுக்கு ஃபோன் எடுத்தார். சட்டமூலம் இந்த வாசிப்பில் நிறைவேறிவிட்டது, நான் எதிர்த்தேன், என்ன செய்ய, அவர்களுக்கு ஆள் பலம் இருக்கிறது என்றார். இன்னும் கடைசியாக மூன்றாம் வாசிப்பு இருக்கிறது, அதற்கு முன் திருத்தங்களுக்காகக் குழுவுக்குப் போகிறது என்றும் சொன்னார். அதன் பிறகுதான் நான் நட்சத்திரம் கேட்டதும் பொங்கல் வைத்ததும்.

எங்களுக்கு அடுத்த வீட்டு அண்ணன் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளார்க். அர்ச்சனை முடிந்து வந்த அன்று நான் அவர் வீட்டுக்குப் பொங்கல் கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே, உறுப்பினர் எதிர்த்தார் என்று எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். அவரே சொன்னார் என்றேன். ஹன்சாடில் பார்த்தீங்களா என்றார். அது என்னவென்றே எனக்குத் தெரியாது. சபையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் அச்சடித்துப் போடுகிற புத்தகம் என்று விளங்கப்படுத்தினார். அடுத்த வாரம் லோயருடைய கந்தோரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சட்டமூலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. யார் ஆதரவு, யார் எதிர் என்று ஒரு பெயரும் இல்லை.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு சிங்கள அக்கா இருக்கிறார். நாங்கள் அவரை அக்கே என்போம், அவர் என்னை நங்கி, அதாவது தங்கச்சி என்பார். அவருடைய ஃபோனில் அன்றைய சபையின் வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தோம். சபாநாயகர் ஏதோ கேட்கிறார். ஒரு பக்கம் பெரிய சத்தம். மறுபடி கேட்கிறார். இன்னொரு பக்கம் சின்னச் சத்தம். அவர் தலையை ஆட்டி, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். நான் ஒரு பேணியில் அரிசி அளந்து போடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. எங்கள் வீடு போகிற விஷயம் அவ்வளவு நேரத்தில் முடிந்துவிட்டது.

"நங்கி, இதில ஒண்ணும் இல்ல. சத்தம் மட்டும்தான்" என்றார் அக்கே.

எங்கள் ஆள் ஒரு கணம் படத்தில் வந்தார். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டுப் பார்த்தோம். வாய் அசைகிறது, எதிர் என்றுதான் சொல்கிறார் என்று ஒருத்தி சத்தியம் செய்தாள். "அவரு வெத்தில மெல்லுறாருடி" என்றாள் மற்றவள். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

கிளார்க் அண்ணன் விளங்கப்படுத்தினார். வெறும் சத்தத்தை வைத்து முடிவு சொல்வதுதான் அங்கே வழக்கம். ஆனால் ஒரே ஒரு உறுப்பினர் எழும்பி, பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்க வேண்டும் என்று கேட்டால் மணி அடிப்பார்கள், எல்லோரும் உள்ளே வர வேண்டும், ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதெல்லாம் அச்சில் வரும்.

"நம்ம ஆளு எழும்பிக் கேட்டிருக்கலாம் தங்கச்சி. கேக்கல. கற்பூரம் எரிஞ்சா சாம்பல்கூட மிஞ்சாது. இதுவும் அந்த மாதிரி ஆயிருச்சு."

எனக்குக் கோபம் வந்தது அவர் பொய் சொன்னார் என்பதற்காக இல்லை. அவர் உண்மையே சொல்லியிருக்கலாம். உண்மை சொன்னாரா பொய் சொன்னாரா என்று எங்களால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாதபடி சபை வைத்திருக்கிறதே, அதற்காகத்தான். அம்மன் அறிவாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அம்மன் அறிவாள், சரி. அம்மன் ஓட்டுப் போடவில்லை, நான்தான் போட்டேன், எனக்கும் தெரிய வேண்டும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதன் பிறகுதான் நாங்கள் சபையைப் பார்க்கத் தொடங்கினோம். சபை கூடுகிற வாரங்களில் காலையிலிருந்து நேரடியாகக் காட்டுவார்கள். ஒருத்தியால் எல்லா நாளும் உட்கார முடியாது. அடுப்பு இருக்கிறது, தண்ணீர் வருகிற நேரம் இருக்கிறது. அப்போதுதான் எனக்குத் திருவிழா ஞாபகம் வந்தது. எங்கள் அம்மன் கோயிலில் திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒருவர் உபயமாக எடுப்பார்கள். அன்றைய பூ, எண்ணெய், மேளம், பிரசாதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சில நாட்கள் பெரிய கடைக்காரருடையவை. ஒரு நாள் எங்கள் வரிசை முழுவதும் சேர்ந்து செய்வது. அதே மாதிரி சபை நாட்களை உபயமாகப் பிரித்தால் என்ன என்று கேட்டேன். எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. செவ்வாய் இந்த வீடு, புதன் அந்த வீடு. அக்கேயும் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். முஸ்லிம் வீட்டுத் தாத்தா வெள்ளி வேண்டாம், வியாழன் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டார்.

உபயம் என்று சொன்னதால் ஒரு வேடிக்கையும் நடந்தது. நடுவீட்டு மதினி தன்னுடைய முறை வந்த அன்று தலைக்குக் குளித்து, வாசல் கழுவி, மீன் வாங்காமல் மரக்கறி மட்டும் சமைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சாப்பிட வந்து, பாராளுமன்றத்துக்கு எதுக்குடி விரதம் என்று கேட்டாராம். உபயம்னா உபயந்தான் என்றாளாம். அதைக் கேட்டுச் சிரித்தோம். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து மற்றவர்களும் அப்படியே செய்யத் தொடங்கினோம். பார்க்கிற வேலையைச் சுத்தமாகப் பார்க்க வேண்டும் என்ற ஒரு எண்ணம்தான்.

போகப்போக நாங்கள் நிறையத் தெரிந்துகொண்டோம். எங்கள் ஆள் காலையில் வருவார். கேள்வி நேரத்தில் இருப்பார். சில நாள் நன்றாகவே பேசுவார், அதையும் சொல்ல வேண்டும். மதியத்துக்குப் பிறகு கதிரை வெறுமையாகிவிடும். வேறு சட்டமூலங்களுக்குப் பெயர் கூப்பிட்டபோது அவருடைய பெயருக்குப் பதில் வரவில்லை. ஒருமுறை இல்லை, பல முறை. அடுத்த நாள் யாருடைய முறையோ அவள் அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்து, நேற்று வாக்கெடுப்பில் ஐயா ஏன் இல்லை என்று மரியாதையாகக் கேட்பாள். காய்ச்சல், கூட்டம், செத்த வீடு என்று பதில் வரும். நான் எடுத்த அன்று இணைப்புச் செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. நீங்கள் யார், எந்தக் கட்சி என்று கேட்டார்.

"கட்சி இல்லீங்க. இன்னைக்கு என்னோட உபயம்" என்றேன்.

ஆடித் திருவிழா வந்தது. எங்கள் வரிசையின் உபய நாளுக்கு அந்த உறுப்பினரைப் பிரதம விருந்தினராக அழைத்திருப்பதாகக் கோயில் தலைவர் சொல்லியனுப்பினார். மண்டபத்துக்குக் கூரை போட அவர் நிதி ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தார். வழக்கப்படி ஐயர் அவருக்குப் பரிவட்டம் கட்டுவார். உபயகாரர் பொன்னாடை போர்த்த வேண்டும். பொன்னாடைத் தட்டை நான் ஏந்தி நிற்க, என் வீட்டுக்காரர் எடுத்துப் போர்த்துவதென்று ஏற்பாடு. நான் மாட்டேன் என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோயில் தலைவர்தான் என் வீட்டுக்காரருக்கு முதலாளி. புறக்கோட்டையில் அவருடைய மொத்தப் புடவைக் கடையில்தான் இவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கவுண்டரில் நிற்கிறார். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடி வீடு. எங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியவர். அதை மறந்தால் எனக்குச் சோறு ஒட்டாது. அவர் எங்கள் இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர், நீ பேசு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

முதலாளியின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முதலாளி முதலில் பிள்ளைகளை விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, அரசியலை வெளியில வையும். கோயிலுக்கு வாற மனுசனுக்கு மரியாதை செய்யிறது எங்கட வழக்கம்."

மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, செய்த காரியத்துக்குத்தான் பொன்னாடை, அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது என்றேன். சத்தியம் செய்தாரே என்றார். சத்தியத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள், வாக்கைத்தான் நான் கேட்கிறேன் என்றேன்.

"அப்ப உங்கட வரிசையின்ர உபயத்தை வேற ஆக்களுக்குக் குடுக்க வேண்டி வரும். கேக்க எத்தினை பேர் நிக்கினம் தெரியுமே."

"குடுங்க முதலாளி. எங்க நாளைக் குடுப்பீங்க. அம்மனை யாருக்குக் குடுப்பீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நீர் என்ன சொல்லுறீர் என்று கேட்டார். இவர் எழுந்து நின்று, அவங்க சரியாத்தான் சொல்றாங்க முதலாளி என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை 'அவங்க' என்று மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அந்த வருஷ அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் உபயத்தை மாற்ற முடியவில்லை. எங்கள் நாள் வந்தது. அபிஷேகம் முடிந்து, அம்மனுக்குச் சிவப்புப் பட்டு கட்டியிருந்தார்கள். பார்க்கப் பார்க்கத் தெம்பு வந்தது. உறுப்பினர் வெள்ளை வேட்டியில் வந்தார். தீபாராதனை ஆனதும் ஐயர் பரிவட்டம் கட்டினார். மேளம் நின்றது. பொன்னாடைத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கி, கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

ஐயா, ஒரு விஷயம் கேட்கலாமா என்றேன். கேளுங்கள் அம்மா என்றார். தலைவர் மைக்கை மெதுவாகக் கீழே இறக்கினார். மைக் தேவையாக இருக்கவில்லை.

எங்கள் வீட்டுச் சட்டமூலம் மூன்றாம் வாசிப்புக்கு வருகிறதாமே என்றேன். ஓம், அடுத்த மாதம் என்றார். அன்றைக்கு நீங்கள் எழும்பி நின்று, பெயர் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றேன். அவருக்கு இதை ஒரு வீட்டுப் பெண் கேட்பாள் என்று எதிர்பார்ப்பு இல்லை. சிரித்தார்.

"அம்மா, நான் எதிர்த்தனான். உங்களுக்குச் சொன்னனானே."

"சொன்னீங்க. எழுத்தில இல்லீங்களே."

கட்சியோடு கதைக்க வேண்டும், தனியாக முடிவெடுக்க ஏலாது என்று ஏதோ சொன்னார்.

"உங்க நம்பருக்குப் புள்ளடி போடுறப்ப நாங்க யார்கூடயும் கதைக்கலீங்க."

பின்னால் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும்பியது. அவருக்கு முகம் சிவந்தது. ஐயர் கையில் கற்பூரத் தட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உறுப்பினர் அதன் பக்கம் கையை நீட்டினார். நான் குறுக்கே வந்து, சத்தியம் வேண்டாம் ஐயா, போன தடவையே செய்தாகிவிட்டது, இந்தத் தடவை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம், அது போதும் என்றேன். பிறகு தட்டைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தேன். நீங்கள் எழும்பிக் கேட்டதும் இதைப் போர்த்துகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் நின்றேன். தட்டைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

தலைவர் அன்று என்னோடு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை என் வீட்டுக்காரரைக் கவுண்டரிலிருந்து எடுத்து மேல்மாடிக் கிடங்குக்கு அனுப்பினார். மூட்டை எண்ணுகிற வேலை. இவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மேலே நல்ல காற்று என்றார். நான் அழுதேன். அவர், எதுக்கு அழுற, கவுண்டர்ல நின்னு நின்னு எனக்குக் கால் வலிதானே என்றார்.

மூன்றாம் வாசிப்பு அன்று யாருடைய முறை என்று யாரும் கேட்கவில்லை. முடுக்குக்குள் பாய் விரித்து, அக்கேயின் ஃபோனை ஒரு பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து எல்லோரும் உட்கார்ந்தோம். எந்த வீட்டிலும் மீன் வாசம் இல்லை. கிளார்க் அண்ணன் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பேச்சுகள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொரு முறை படம் அந்தப் பக்கம் திரும்பும்போதும் அவர் கதிரையில் இருக்கிறாரா என்று பார்த்தோம். இருந்தார். மதியம் ஆகியும் இருந்தார். தண்ணீர் வந்தது, யாரும் பிடிக்கப் போகவில்லை.

சபாநாயகர் கேள்வியைக் கேட்டார். பெரிய சத்தம் வந்தது. மறுபடி கேட்டார். சின்னச் சத்தம். அவர் காகிதத்தைப் புரட்டினார். எங்கள் ஆள் பாதி எழும்பினார், யாரோ பக்கத்தில் சட்டையைத் தொட்டார்கள், உட்காரப் பார்த்தார். அம்மா தாயே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நெகிட்டா" என்றார் அக்கே. சிங்களத்தில், எழும்பிட்டார் என்று. கண்ணைத் திறந்தேன். மனிதர் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தியிருந்தார். பெயர் கூப்பிட வேண்டும் என்று அவர் கேட்டதை நாங்கள் எல்லோரும் எங்கள் காதால் கேட்டோம்.

மணி அடித்தார்கள். அந்த மணியை நான் இப்போதும் மறக்கவில்லை. அது எங்கள் வீட்டுக்காக அடித்த மணி. ஆட்கள் உள்ளே வந்தார்கள், சிலர் வெளியே போனார்கள். போகிறவர்களையும் பார்த்தோம். பிறகு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில். எங்கள் குழாயைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்டிய அமைச்சர் ஆதரவு என்றார். தேர்தல் காலத்தில் முஸ்லிம் வீட்டுத் தாத்தாவின் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிய இன்னொருவர் ஆதரவு என்றார். எங்கள் ஆளின் பெயர் வந்தது. எதிர் என்றார், உரக்கவே சொன்னார்.

சட்டமூலம் நிறைவேறியது. அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு ஆள் பலம் இருந்தது. நடுவீட்டு மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிளார்க் அண்ணன் ஃபோனை அணைத்தார். நான் வீட்டுக்குள் போய் விளக்கை ஏற்றி, தாயே, வீடு உன்னுடையது, நான் இங்கேதான் இருப்பேன், யார் எழுப்ப வந்தாலும் இப்போது எனக்குப் பெயர் தெரியும் என்று சொன்னேன். பெரிதாக அழவில்லை. தோற்றவர்கள் அழுவார்கள். நான் தோற்றதாக நினைக்கவில்லை. அதுவரைக்கும் யாரோ, எங்கோ, எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து இன்னார் என்று ஆகிவிட்டது.

அடுத்த வாரமே மற்ற வீட்டுக்காரர்கள் அந்த அமைச்சரின் அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் போனேன். நீங்கள் ஆதரவு என்று சொன்னதைக் கேட்டோம், ஏன் என்று கேட்க வந்தோம் என்றோம். காவலுக்கு நின்றவர் உள்ளே விடவில்லை. மறுபடி போனோம். இன்னும் போகிறோம். வீட்டை விட்டு எழும்பச் சொல்லும் காகிதம் கொண்டு இதுவரை எங்கள் முடுக்குக்குள் ஒருவரும் வரவில்லை. வந்தால் வரட்டும். உபயத்தைப் பற்றி, அடுத்த வருஷம் எங்கள் நாள் ஒரு நகைக்கடைக்குப் போய்விட்டதாகத் தலைவர் சொல்லியனுப்பினார். சரி என்றோம். எங்கள் பொங்கலை ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையில் வைத்தோம். அம்மன் வாங்கிக்கொண்டாள்.

உறுப்பினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசைக்கே வந்தார். இணைப்புச் செயலாளரும் கூட வந்தார், நட்சத்திரம் சொன்ன அதே குரல். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியது எங்கள் முறை. ஐயரிடமிருந்து பொன்னாடையை வாங்கி வைத்திருந்தோம். முடுக்கு நடுவில் வைத்து என் வீட்டுக்காரர் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினோம், மனதாரத்தான் தட்டினோம். ஒரு மனிதன் எழும்பி நிற்பது லேசு இல்லை. அவருடைய கட்சிக்காரர் அவரைக் கண்டபடி ஏசினார்கள் என்று அவரே சொன்னார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். போகிற நேரம் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனி என்னோட கோவம் இல்லைத்தானே அம்மா? இனியென்ன வேணும்?"

"கோவம் எதுக்குங்க" என்றேன். "வர்ற செவ்வாய்க்கிழமை சபை இருக்கு. மத்தியானத்துக்கு அப்புறமும் இருங்க. அன்னைக்கு பாக்குறது இந்த மதினி."

மதினி கதவடியில் நின்று கையைக் கூப்பினாள்.